மூன்று செங்கல்

முதலில் ஒரு புள்ளி.
மிளகு தெறித்திருக்கிறது என்று நினைத்தேன்.
குளியலறையில் மிளகுக்கு என்ன வேலை.

ஐப்பசி மழை ஓய்வதற்குள்
வாளி வைக்கும் மூலையிலிருந்து
துண்டு மாட்டும் ஆணிவரை ஏறிவிட்டது.
பெயிண்ட் அடித்தால் போகும் என்றார் அந்தோணிப்பிச்சை.
அடித்தார், இளநீலம்.
பதினேழாம் நாள்
நீலத்துக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தது
கடன் கொடுத்தவன் தலை மாதிரி.

அமாவாசையை ஒட்டி ஆறேழு நாள்
தெற்குவாடியிலிருந்து தீவுக்குப் போவோம்.
விரலுக்கெல்லாம் துணி சுற்றி
காலில் தகரம் கட்டி
மூச்சை அடக்கி முங்கினால்
ஒரு பிடி மரிக்கொழுந்துப் பாசி.
ஈரம் இருந்தால் யாவாரி எடை கழிப்பான்.
வீட்டுக்கு வந்தால் இங்கேயும் பாசி.
அதே விரல், அதே துணி.
இதை நிறுக்க எவனும் இல்லை.

பிளீச்சிங் பவுடரைக் குழைத்து அப்பினேன்.
மேலத்தெரு மெர்சி, ஆசிட் ஊற்று என்றாள்.
இரண்டும் சேரக்கூடாது என்று அவள் சொல்லவில்லை,
புட்டியில் எழுதியிருக்கும், யார் படித்தது.
கண் எரிந்து தொண்டை அடைத்து
பாவாடையோடு வாசலுக்கு ஓடிவந்தேன்.
கடலுக்கடியில் மூச்சடக்குகிறவளுக்கு
கக்கூஸில் மூச்சு முட்டிவிட்டதாம்.
தெருவே சிரித்தது.
இருமிக்கொண்டே நானும்.

ஜெனோவா சிரிக்கவில்லை.
குளித்துவிட்டு வந்தால்
அவள் நெஞ்சுக்குள் ஒரு பூனை கத்தும்.

சீனி பக்கீர் கொத்தனார் வந்தார்.
காய்ச்சல் பார்ப்பதுபோல் சுவரில் கை வைத்தார்.
நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.
'கடல் மணல்ல கட்டிருக்காக.
உப்பு தண்ணிய இழுக்கத்தான் செய்யும்.
அத இனி ஒண்ணும் பண்ண ஏலாது.'
பிறகு அண்ணாந்து,
'இங்கன ஒரு சன்னல் இருந்துச்சே?'

இருந்தது.
பக்கத்து வீட்டில் மாடி எழுந்த வருஷம்
அங்கே நின்றால் என் தோள் தெரியும் என்று
அந்தோணிப்பிச்சை அடைத்தார்.
மாடியில் இருந்தது
ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு கருவாட்டுத் தட்டி.
எட்டு வருஷமாக
என் தோளை யாரும் பார்க்கவில்லை,
காற்றும்.

ஆள் உயரத்துக்கும் மேலே
மூன்று செங்கலை உருவினார் கொத்தனார்.
வெளியே சரிவாக ஓடு பதித்தார்.
அந்தோணிப்பிச்சை தெருவில் நின்று பார்த்தார்,
நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தார்,
பக்கத்து மாடிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து
சரி என்றார்.

சாயங்காலம் கொண்டல் வந்தது.
ஆணியில் துண்டு அசைந்தது.
காலையில் சோப்பு கெட்டியாக இருந்தது.

போயிருச்சா என்று மெர்சி கேட்கிறாள்.
எங்கே போகும்.
குழாய்க்குப் பின்னால் உள்ளங்கை அகலம் இருக்கிறது.
சனிக்கிழமை தேய்ப்பேன், மார்கழியில் மறுபடி வரும்.
ஜெனோவாவின் பூனை எப்போதாவது கத்துகிறது, சின்னதாக.

நான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு
துவட்டாமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.
தோள் தானாகக் காய்கிறது.