ரெண்டு கிலோ கழிவு

பேண்டுக்கு இந்தப் பெயர் வைத்தது ஃபஸ்மில்.
ட்ரம்பெட் ஊதுகிறவன். லயத்தில் பிறக்காதவன்.
கூடைக்கும் ஈரத்துக்கும் என்று
தராசடியில் வெட்டுகிற ரெண்டு கிலோ
எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டான்.
யாருக்கும் தெரியவில்லை. அதுவே பெயராயிற்று.

அட்டன். ஜூலை. மண்டபத்துத் தகரத்தில்
எங்களுக்கு முன்பே மழை வாசித்துக்கொண்டிருந்தது.
வந்தது நாற்பத்து மூன்று பேர்.
அதில் பதினொருவர் மஸ்கெலியா கடைசி பஸ்ஸுக்காக ஒதுங்கியவர்கள்,
குடையைக்கூட மடக்காதவர்கள்.

அசிட் ஜாஸ் என்றால் என்ன என்று கேட்ட கண்டக்டருக்கு
ட்ரம்ஸில் இருந்த ருக்மால் தன் பாதித் தமிழில் சொன்னான்:
"வளைவுல ஹோர்ன் அடிக்காம வர்றது."
அப்போ ஃபங்க்?
"பிரேக்க கடைசியா மிதிக்கிறது."
அந்த லேப்டாப்பில வர்றது?
"அது ஃபெக்டரி. நிக்காது."

நிமிடத்துக்கு நூற்றிருபத்து நாலு அடி.
கொழுந்து அரைக்கும் ரோலர் போல
திரும்பிப் பார்க்காத கிக்.
அதன்மேல் என் பேஸ் கிட்டார்,
மூன்று தந்தி பழசு, ஒன்று கடன்.
பகலெல்லாம் ரீலோட் போடுகிற விரல்
இரவில்தான் தனக்காகக் காய்த்துப்போகிறது.

ஒன்பது பத்துக்குக் கரண்ட் போனது.

பேஸ் செத்தது. கீபோர்ட் செத்தது.
மோகனாம்பிகையின் முகத்தில் மட்டும்
லேப்டாப்பின் நீலம்.
பேட்டரியில் அது எண்ணிக்கொண்டேயிருந்தது,
யாருக்கும் கேட்காமல்.

ருக்மால் நிறுத்தவில்லை.
ட்ரம்பெட்டுக்கு எந்த வயரும் வேண்டாம்.
நான் செத்த தந்திகளையே அடித்தேன்,
முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற எறும்பு நடை.
திறந்த கதவால் பனிமூட்டம் வந்து
டிக்கெட் இல்லாமல் நின்றது.
கண்டக்டர் தோல்பையை முன்னுக்கு இழுத்துச்
சில்லறையைக் குலுக்கினான்,
ரெண்டாம் அடிக்கும் நாலாம் அடிக்கும்.
அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஏழு நிமிடம்.

கரண்ட் வந்தபோது மெஷினும் வந்தது,
எங்களுக்கு ஒரு மயிரிழை முன்னால்.
சரிசெய்ய விசைக்குப் போன விரலை
மோகனாம்பிகை பாதியில் திருப்பி
வாயில் வைத்துக் கடித்தாள்.
விட்டுவிட்டாள்.

அது எண்ணுகிற இடத்துக்கும்
நாங்கள் விழுகிற இடத்துக்கும் நடுவில்
கொஞ்சம் எடை இருந்தது.
குடைகள், பைகள், ஈரச் செருப்புகள்,
எல்லோருடைய இடுப்பும் அதில் போய் விழுந்தது.
ஒருவரும் அதை வெட்டவில்லை.

மஸ்கெலியா பஸ் பத்துக்கும் புறப்படவில்லை.
வெளியே டிரைவர் ஹோர்ன் அடித்தார், நீளமாக.
சுருதி சரி. தாளம் தப்பு.
ஃபஸ்மில் அதற்கும் பதில் ஊதினான்.