எட்டுக் கேள்விக்குறிகள்

வினிபெக்கில் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஜன்னலின் உட்புறம் பனி
தனக்குத் தெரிந்த எழுத்துருவில் ஏதோ எழுதி வைத்திருக்கிறது.
என் திரையில் புகார் எண் 4471.
முன்னுரிமை: கடைசி.
பாதிக்கப்பட்டோர்: ஒருவர்.

அந்த ஒருவர் யோகமலர்.
பிராண்டனில் ஒரு பல் மருத்துவமனை,
வரவேற்பு மேசை, மதிய இடைவேளை.
மன்னாரிலிருந்து தம்பி குகதாசன்
காணி உறுதியை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்.
இணைப்பு வந்தது,
தலைப்பெயர் போய், வாலும் போய்,
பதினொரு மெகாபைட் அநாதையாக.
எதனால் திறப்பது என்று கணினி அவரையே கேட்டது.
அவர் திறக்கவில்லை.
உறுதியில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.
"விக்கட்டோ அக்கா?" என்ற வரி
மடலில் முழுசாகத்தான் இருந்தது.

ஒரே சொல்லில் பதில் எழுதினார்:
வேண்டாம்.

இலக்கணத்தைக் கேட்டால் நான்கு எழுத்து.
யூனிகோடைக் கேட்டால் எட்டு;
கொம்பு தனி, கால் தனி,
புள்ளிக்கும் தனிக் கணக்கு.
பைட்டாக உடைத்தால் இருபத்து நான்கு.
பயணத்துக்கென்று மடித்துக் கட்டினால் முப்பத்திரண்டு.
ஒரு மறுப்பை ஊருக்கு அனுப்ப
இவ்வளவு சுமைகூலி.
கொடுத்திருக்கலாம்.
எங்கள் மென்பொருள் கொடுக்கவில்லை.
தன் கையிலிருந்த பழைய அட்டவணையில்
இருநூற்றைம்பத்தாறு கட்டங்களில் தேடியது.
பிரெஞ்சுக்காரர்களின் தொப்பி வைத்த எழுத்து இருந்தது.
ஜெர்மன்காரர்களின் இரட்டைப் பொட்டு இருந்தது.
ண இல்லை.
இல்லாத ஒவ்வொன்றின் இடத்திலும்
ஒரு குறியை நட்டுவிட்டுக் கடந்தது.

????????

குகதாசன் பார்த்தார்.
அக்கா எட்டுக் கேள்வி கேட்கிறா.
விலை போதாதா, வாங்குவது யார்,
மலசலகூடத்துப் பக்கம் எல்லைத் தகராறு தீர்ந்ததா,
எனக்கு எவ்வளவு,
உனக்கு எவ்வளவு.
ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார்.
அவர் மறுபடி வேண்டாம் என்றார்.
மறுபடி எட்டு.
மூன்றாவது முறை கோபத்தில்
வேண்டாம் வேண்டாம் என்று எழுத
பதினாறாகப் போய்ச் சேர்ந்தது,
நடுவில் இருந்த இடைவெளி மட்டும் பத்திரமாக.
வெற்றிடத்துக்கு எல்லா அட்டவணையிலும் இடமுண்டு.

"கேட்டதுக்கெல்லாம் சொல்லிப்போட்டன்.
இனி உங்களுக்குச் சம்மதமெண்டு எடுக்கிறன்."
அதுதான் தம்பியின் கடைசி மடல்.

இரவு இரண்டு மணிக்கு அந்த வரியைக் கண்டேன்.
தெரியாததை மாற்று, நிற்காதே, போ.
இவ்வளவுதான் அதன் பொருள்.
எழுதியவர் யார் என்று களஞ்சியத்தைக் கேட்டேன்.
மீனலோசனி என்றது.
ஐந்து வருடங்களுக்கு முன், ஒரு வியாழன்,
மாலை நான்கு ஐம்பத்திரண்டு.

ஞாபகம் இருக்கிறது.
ஐந்து மணிக்கு டெமோ.
யாரோ வைத்த சிரிப்பு இமோஜி தொண்டையில் சிக்கி
மடல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.
போனால் போதும் என்றிருந்தது எனக்கு.
போய்ச் சேருவது என்னவென்று யோசிக்கவில்லை.
அன்று எல்லோரும் கைதட்டினார்கள்.

தாராஸ் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தான்.
"என் அம்மாவும் இதில் கேள்விக்குறிதான்" என்றான்.
"ஏன் சொல்லவில்லை?"
"போனில் பேசிக்கொள்கிறோம்."

ஒரு சொல்லை மாற்றினேன்.
எனக்கு நானே வேண்டாம் என்று அனுப்பினேன்.
வந்தது, நான்கெழுத்தும் வந்தது,
புள்ளி இரண்டும் தலைமேல்.

காலையில் அவரை அழைத்தேன்.
"இனி எழுதினா போகுமோ?"
"போகும்."
"அப்ப சரி பிள்ளை."
காணி என்னாயிற்று என்று கேட்க நா எழவில்லை.
படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.
தீர்ந்தது என்று அழுத்தினேன்.

மூடிய புகாருக்கு
அமைப்பு தானாகவே ஒரு மடல் அனுப்பும்:
உங்கள் சிக்கல் தீர்ந்ததா?

வெள்ளிக்கிழமை பதில் வந்தது.

?

நெஞ்சு படபடக்க மூல வடிவத்தைத் திறந்து
பைட்டைப் பார்த்தேன்.
குறிமுறை சரி. வழியில் எதுவும் உடையவில்லை.
அவர் விரலால் தட்டியதுதான்.