துணைக்கால்

ஜுபைலில் எங்கள் அறைக்கு ஆறு கட்டில்,
ஒரு மடிக்கணினி.
தம்மாமில் பழசாய் வாங்கியது, ஆளுக்கு நூற்றைம்பது ரியால்.
எம் எழுத்தைத் தொட்டால் மூன்றாய் விழும்.
சூப்பர்வைசர் அறையிலிருந்து ஏசி ஓட்டை வழியாக
ஒரு ஒயர் வரும், நெட் அதில்தான்.
ஆளுக்கு அரை மணி.
நேரம் குறிப்பவன் நான்,
பகலில் கம்பெனிக்கு, இரவில் அறைக்கு.

கணினிக்காகச் சண்டை வந்ததே இல்லை.
எதில் திறப்பது என்பதில்தான்.

மசூது காக்கா ஓபரா கட்சி.
"நீ கண்ணு சிமிட்டுறதுக்குள்ள வந்துரும்" என்பார்.
லூர்துராஜுக்கு க்ரோம். புதுசாய் வந்தது.
புதுச் சட்டைக்காரன் மாதிரி
அதன் மூலை முடுக்கெல்லாம் தொட்டுக் காட்டுவான்.
வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு அந்த நீல ஈ போதும்.
"கணினியோட கூடப் பொறந்தது. கூடப் பொறந்ததை மாத்துவியாடே?"
சசீந்திரன் மலையாளி,
மலையாளப் பேப்பர் எதில் வந்தாலும் சரி.
எனக்குக் கட்சி கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை, பிரியாணி மயக்கத்தில்,
தீர்ப்பு என் தலையில் விழுந்தது.
டைம் ஷீட்டின் பின்பக்கம் கோடு போட்டேன்.
ஒரே பக்கம், ஒரே ஒயர், என் கைக்கடிகாரம்.
ஓபரா பதினான்கு நொடி.
க்ரோம் பதினேழு. லூர்து என் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தான்.
ஈ நாற்பத்தொன்று, நடுவில் ஒருமுறை செத்துப் பிழைத்தது.
ஃபயர்பாக்ஸ் என்று ஒரு நரிப்படம் ஓரத்தில் கிடந்தது,
கணினியின் பழைய முதலாளி விட்டுப்போனது.
அதற்கு ஐம்பத்தாறு.
மசூது காக்கா எழுந்து எல்லோருக்கும் கைகொடுத்தார்,
பஞ்சாயத்து எலெக்‌ஷன் ஜெயித்தவர் மாதிரி.

அன்றிரவு என் அரை மணி.
ஜெயித்ததில்தான் திறந்தேன்.
சொர்ணம் எழுதியிருந்தாள்.
சாத்தான்குளம் பிரவுசிங் சென்டரில்
மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து
ஒவ்வொரு எழுத்தாய்த் தேடி அடிப்பாள்.
ஓபராவில் அவள் கொஞ்சம் உடைந்தே வருவாள்.
கொம்பு இருக்கும், கால் காணாமல் போகும்.
கடைசி வரியில் பெயர் செர்ணம் என்று நிற்கும்.
சிரித்துப் பழகியிருந்தேன்.

அன்றைக்கு மூன்றே வரி.
அப்பாவுக்குச் சளி தேவலை.
மழை இல்லை.
நகைக்கடன் எல்லாத்தையும் கெடுத்தாச்சு.

போன் கார்டில் நாற்பது ஹலாலா.
அங்கே இரவு ஒன்றரை மணி.
எல்லாத்தையும் என்றால் எதை?
வட்டி, ஏலம், நோட்டீஸ் ஒட்டிய கதவு,
ஒவ்வொன்றாய் வந்து என் அரை மணியைத் தின்றன.
ஈயில் திறந்தேன். கட்டம் கட்டமாய் வந்தது, அவளே இல்லை.
க்ரோமில் எம் மூன்றாய் விழ, இரண்டை அழித்து உள்ளே போனால்
அங்கேயும் கெடுத்தாச்சு.
மிச்சம் நரி.

ஐம்பத்தாறு நொடி.
சாரம் கட்டுகிறவர்களின் வருகையை எழுதுகிறவன் நான்.
சாரத்தில் ஒரு கால் குறைந்தால்
சிவப்பு அட்டை தொங்கவிடுவார்கள்,
ஆளை ஏற்றமாட்டார்கள்.
நான் மூன்று முறை ஏறி இறங்கிவிட்டேன்.

வந்தது.
கொம்பு, ககரம்,
அப்புறம் அந்தத் துணைக்கால்
நேராக, தன் இடத்தில்.
கொடுத்தாச்சு.
கீழே சொர்ணம், முழுசாய்.

மறுநாள் டைம் ஷீட்டை எடுத்து
நரிக்கு எதிரே குறிப்பு எழுதப் போனேன்.
காரணம் எழுதினால் கடன் கதையும் எழுத வேண்டும்.
"ஸ்லோ" என்று மட்டும் போட்டு மூடினேன்.
காக்கா ஜெயித்ததாகவே இருக்கட்டும்.

இப்போதெல்லாம் என் அரை மணியில்
இருபத்தொன்பது நிமிடம்தான்.
"இன்னுமா தொறக்குது ஓய், அந்தக் கிழட்டு நரி?"
மேல் கட்டிலிலிருந்து குரல்.
வரும் காக்கா, வரும்.