ரசமட்டம்

கம்ப்ரசர் கிடையாது இதற்கு.
முதுகில் சூடேற்றினால் வயிறு குளிரும்,
அப்படியொரு பிறவி.

பென்கூலன் தெரு ஹோட்டல், பதினோராம் மாடி.
மினிபாரில் மூன்று நாளாய் வெதுவெதுப்பாய் சோடா.
ஹீட்டர் கையைச் சுடுகிறது.
மஞ்சள் பொடி கசியவில்லை,
மூக்கை எரிக்கும் அம்மோனியா நெடியும் இல்லை.
"தூக்கிப் போட்டுடலாம்" என்கிறார் ஃபைருஸ்.

தலைகீழாய்க் கவிழ்த்தேன்.
குழாய்க்குள் களக்கென்று ஏதோ இறங்கியது,
விருந்தில் அடக்கிய ஏப்பம் போல.

மறுநாள் நிமிர்த்தி
ரசமட்டம் வைத்தால்
குமிழி இடப்பக்கம் ஓடுகிறது.
புதுக் கம்பளத்தில் வலக்கால் அமிழ்ந்திருக்கிறது.
அவ்வளவுதான் நோய்.

சட்டைப்பையில் விழாத ஃபோர்-டி சீட்டு.
நாலாய் மடித்து அடியில் கொடுத்தேன்.
குமிழி நடுவில் நின்றது.

இனி ஆறு மணி நேரம்.
சத்தமே போடாது,
கையை விட்டுத்தான் பார்க்கவேண்டும்.

விட்டேன்.
இதன் குளிரா, ஏசிக் காற்றா,
இன்னும் சொல்ல முடியவில்லை.