குறைபாடு

ஐந்து தவணை பாக்கி.
ஒண்டிக்கடையில், பேக்கரிக்குப் பின்னால்
மழை சொட்ட நின்றது வண்டி.
படிவத்தில் நான் எழுதியது:
அறுநூற்றைம்பது சி.சி., இரட்டை சிலிண்டர்,
சாம்பல் நிறம், பக்கப் பெட்டி இரண்டு,
வலப்பக்கம் ஒரு கீறல்.

சவரிநாதன் கையெழுத்துப் போட்டார்.
சண்டைக்கு வரவில்லை, அதுதான் சங்கடம்.
சாவியைக் கொடுத்தபடி சொன்னார்:
"இறக்கத்துல ரெண்டாவது கியர்லயே விடு,
எஞ்சினே பிடிச்சுக்கும்.
கிளட்ச்சைப் படக்குனு விட்டாலும்
பின்வீல் உதறாது.
முன்கண்ணாடியை மேல தூக்கிக்கோ,
பனி நெஞ்சுல அடிக்காது."
வேறொன்றும் சொல்லவில்லை.
கடைக்குள் போனார்.

இருபதாவது வளைவு.
இந்த மலையிலிருந்து
மூன்று ஆட்டோ, ஒரு டிராக்டர், ஒரு பால் வேன்
இறக்கியிருக்கிறேன்.
எல்லாம் முரண்டு பிடித்துத்தான் வந்தன.
இது
நான் சாய நினைப்பதற்குள் சாய்ந்தது.
குனியவும் விடவில்லை, நிமிரவும் விடவில்லை,
கன்னியாகுமரி வரை இப்படியே போகலாம்
என்றது முதுகு.

பதினான்கில் குறுக்கே ஒரு குரங்கு.
அழுத்தினேன்.
ஏபிஎஸ் விரலடியில் படபடத்தது,
ஈர ரோட்டில் வழுக்காமல் நின்றது வண்டி.
குரங்கு என்னைப் பார்க்கவில்லை.
இடப்பக்கப் பெட்டியைப் பார்த்தது,
தெரிந்தவர் வீட்டு வாசலைப் பார்ப்பதுபோல.

அங்கேதான் கவனித்தேன்.
வலது கண்ணாடியில் ரோடு இருந்தது,
சில்வர் ஓக் இருந்தது, பின்னால் வந்த பஸ் இருந்தது.
இடது கண்ணாடியில்
பின்சீட் மட்டும்.
ஒரு முகம் இருக்கவேண்டிய உயரத்தில்
வெறும் பனி.

ஐந்துக்குக் கீழே சேலத்து வெக்கை ஏறியது.
முன்கண்ணாடியை இறக்கிவிட்டேன்.
தூரத்தில் வெள்ளக்கல் மேடு,
அதற்கப்பால் ஊர் ஒவ்வொரு விளக்காய்.

கொண்டலாம்பட்டி குடோனில்
பெட்டியைத் திறந்து கணக்கெடுக்க வேண்டும், விதி.
சின்ன அளவு ரெயின்கோட் ஒன்று,
காற்றழுத்தம் எழுதிய துண்டுத்தாள்,
பாதி தீர்ந்த இஞ்சி மிட்டாய்.
டிரிப் மீட்டரில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
எங்கே போய்வந்தது என்று
எண் சொல்லாது.

"கண்ணாடியை நேரா திருப்புப்பா,
ஏலத்துக்குப் போட்டோ எடுக்கணும்"
என்றார் அமானுல்லா.
கை வைத்தேன்.
எண்ணெய் போட்டதுபோல் லேசாய்த்தான் இருந்தது.

படிவத்தில், குறைபாடுகள் என்ற கட்டத்தில்
எழுதினேன்:
இடது கண்ணாடி. இறுகிவிட்டது.
திரும்பவில்லை.