வேடியப்பனுக்கு வசனம் இல்லை

ஊத்தங்கரைக்கு மேற்கே
மூன்று புளியமரம் நிற்கும் திருப்பத்தில்
எங்கள் சாமியை லாரியிலிருந்து இறக்கினார்கள்.
தெர்மாகோல். ஏழடி.
கண்ணுக்குள் சிவப்பு பல்பு,
முதுகில் ஸ்விட்ச்.

ஐம்பதடி தள்ளி
இடுப்பளவுக்கு ஒரு கல்.
வில்லும் குறுவாளும் ஏந்திய ஒருவன்,
காலடியில் ஒரு மாடு,
தலைக்கு மேல் வட்டெழுத்தில் ஐந்து வரி.
வேடியப்பன் என்றார்கள்.
எண்ணெய் குடித்துக் குடித்து
முகம் கரைந்திருந்தது.
குளோசப்புக்கு ஆகாது என்றார் கேமராமேன்.

நான் வசனம் எழுதுகிறவன்.
திங்கள் முதல் வெள்ளி, இரவு ஒன்பதரை.
கொலை விழும். சாமி இறங்கும்.
இன்ஸ்பெக்டர் விரலை நீட்டுவார்.
இடையில் கிடக்கும் முந்நூறு நாளைத்தான்
சம்பளத்துக்கு நிரப்புகிறேன்.

எங்கள் சாமிக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு.
விளம்பரத்துக்கு முன் உறுமலாம்,
பெயரைச் சொல்லக் கூடாது.
எலுமிச்சம்பழம் உருண்டுபோய்
யார் காலடியிலாவது நிற்கலாம்,
அந்த ஆள் நிரபராதியாக இருக்க வேண்டும்.
நாய் ஊளையிட்டால் அன்று வெள்ளிக்கிழமை.
சாமியாவது பூதமாவது என்கிற டாக்டர்
நூறாம் நாளுக்குள் திருநீறு பூசியாக வேண்டும்,
இல்லையென்றால் சாக வேண்டும்.
அவருக்குக் கால்ஷீட் தகராறு.
சாகடித்துவிட்டோம்.

இன்ஸ்பெக்டராக இருதயராஜ், கோவிலூர்க்காரர்.
நெற்றி நிறையக் குங்குமம் அப்பிக்கொள்ளுமுன்
கேரவனுக்குப் பின்னால் போய்
சிலுவை போட்டுக்கொண்டு வருவார்.
ஆக்‌ஷன் என்றதும்
முதுகெலும்பு கழன்றதுபோல் ஆடினார்.
வேடிக்கை பார்த்த பெண்களில் இரண்டு பேர்
கூடவே ஆடத் தொடங்கினார்கள்.
கட் சொன்னதும் அவர் நின்றுவிட்டார்,
அவர்கள் நிற்கவில்லை.
வெளிச்சம் போகிறது என்று
யாரிடம் போய்ச் சொல்வது?

யூனிட்டுக்குச் சோறு போட வந்த மாதம்மாள்
ஒருநாள்கூட விடாமல் எங்கள் தொடர் பார்ப்பவள்.
அவள் தம்பி பாக்கிக்கூலி கேட்டுக்
கல்குவாரிக்குப் போனவன்,
மூன்றாம் நாள் குவாரிப் பள்ளத்துத் தண்ணீரில் மிதந்தான்.
தவறி விழுந்ததாக எழுதி மூடிவிட்டார்கள்.
ஏழு வருஷம் ஆகிறது.

ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:
“உங்க சாமிக்கு மொத நாளே தெரியுமில்ல?”
தெரியும் என்றேன்.
“அப்பறம் ஏன் சொல்லல?”
சொல்லிட்டா கதை முடிஞ்சிடுமேம்மா.
கரண்டியை வாளிக்குள் போட்டாள்.
“அப்ப எங்க சாமிக்கும்
எவனோ எழுதறவன் இருக்கறான்.”

சாயங்காலம் ஆர்ட் அசிஸ்டென்ட் தஸ்தகீர்
கல்லை அளக்கப் போனவன்,
பக்கத்தில் நட்டிருந்த பலகையைப் படித்துச் சொன்னான்:
இன்ன அரசனுக்கு இன்ன யாண்டு,
இன்னார் தொறுக் கொள்ள,
இன்னார் சேவகன் மீட்டுப் பட்டான்.
அவ்வளவுதான் சார் என்றான்.
மாட்டை ஓட்டியவன் பெயர் இருக்கிறது.
செத்தவன் பெயர் இருக்கிறது.
ஐந்தே வரி.
தொடரும் போட இடமே விடவில்லை.

அன்றிரவு லாட்ஜில்
ஒரு பள்ளமும் பாக்கிக்கூலியும் வைத்து
காட்சி எழுதி அனுப்பினேன்.
பத்து நிமிஷத்தில் சேனலிலிருந்து போன்:
நல்லா இருக்கு சார்,
குவாரி ஓனரை மட்டும் மந்திரவாதி ஆக்கிடுங்க.
ஆக்கினேன்.
மண்டையோடு இரண்டு எக்ஸ்ட்ரா கேட்டு
வாட்ஸ்அப் போட்டேன்.

மறுநாள் பேக்கப்.
ஸ்விட்சை அணைக்க மறந்து சாமியை ஏற்றியதில்
லாரியின் முதுகில் இரண்டு சிவப்புக் கண்கள்
சிங்காரப்பேட்டை ரோட்டில் போய்க்கொண்டிருந்தன.
உருட்டிய எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி
மடியில் கட்டிக்கொண்டாள் மாதம்மாள்.
ஊறுகாய்க்கு ஆகும்.

போகிற வழியில்
கல்லுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றாள்.
வாய் அசைந்தது.
என்ன சொன்னாளோ,
மைக்கை எல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள்.