ஒன்பது மணி இருட்டு

டாண்டினொங்கில் டிசம்பர் வந்தால்
இருட்டுக்கும் வரிசையில் நிற்கவேண்டும்.
மணி எட்டரை. வேலிமேல் இன்னும் வெயில்.
பக்கத்து வீட்டு நாய்
தன் தண்ணீர்ச் சட்டியைக் காவல் காக்கிறது.

திருவருகைக் காலத்து வாசகமெல்லாம்
இருளைப் பற்றியே.
நாங்களோ பாட்டுத் தாளால் விசிறிக்கொண்டு
வெளிச்சத்தில் வியர்த்திருந்தோம்.

மீன் ரின்னில் பச்சையரிசி நிரப்பி
நான்கு மெழுகுதிரி நட்டிருந்தேன்,
ஊதா மூன்று, ரோசா ஒன்று.
செவ்வாய்க்கிழமை முப்பத்தொன்பது பாகை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
யாரோ பிறந்த விரிப்பையும்
யாரோ இறந்த விரிப்பையும்
ஒரே மடிப்பாய் மடித்துவிட்டு வந்தால்
யன்னலோரம் ரோசாத் திரி
குனிந்து நிற்கிறது,
விழுந்த தோட்டுத் திருகாணியைத்
தேடுகிறவள் மாதிரி.

"எறிஞ்சுபோட்டு வேற வாங்குங்கோ அம்மா,
ரெண்டு டொலர்தானே" என்றாள் பெனிற்றா.
மகிழ்ச்சிக்கான திரி அது.
எறிய மனம் வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு.
அவர் இரவு வேலைக்கு, அவள் கடைக்கு.
இருட்டும்வரை
வருடத்தைக் கணக்குப் பார்த்தேன்.
விசாவுக்கு இரண்டு தடவை அதே படிவம்,
அதே கையெழுத்து, கொஞ்சம் சிறுத்துப்போய்.
பேசாலையில் அண்ணன் போனான்.
அடக்கத்தைப் போனில் பார்த்தேன்,
மண் போடுமுன் சார்ஜ் இறங்கிவிட்டது.
மார்ச்சில் ஒரு கடைவாய்ப் பல்.
கழித்துக் கழித்துக்
கையில் விரல்தான் மிச்சம்.

அப்போது
பிரிட்ஜ் ஒரு குலுக்கலோடு நின்றது.
அது இவ்வளவு நேரம் இரைந்தது
நின்ற பிறகுதான் காதுக்குத் தெரிந்தது.
எனக்குள்ளும் ஒன்று நின்றது.
பன்னிரண்டு வருடமாய்
எப்ப, எப்ப, எப்ப என்று
ஓடிக்கொண்டிருந்த மோட்டார்.

அந்த அமைதியில்
கணக்கில் எழுதாத ஒன்று வந்து உட்கார்ந்தது.
வெள்ளிதோறும் என் மெசின்மேல்
ஹுவோங் வைத்துப்போகும் தோடம்பழம்.
மரியதிரேஸ் என்ற என் பெயர்
அவள் வாயில் மேரியாய் உடையும்.
அவள் பெயர் என் வாயில் என்னவாகிறதோ.
ஒரு வெள்ளியும் தவறவில்லை.
நான் ஒரு வெள்ளியும்
ஏன் என்று கேட்டதில்லை.

பிரிட்ஜ் மறுபடி இரையத் தொடங்கியது.
இரையட்டும்.

ஒன்பது மணிக்கு,
ஒருவழியாய், இருட்டு.
மூன்று திரியையும் கொளுத்தினேன்.
வளைந்தது வளைந்தபடியே எரிந்தது.
ரின்னுக்கு வெளியே சொட்டிச் சொட்டி
மேசையில் ரோசாக் காசு ஒன்று வார்த்தது.
சுடர் மட்டும்
மற்ற இரண்டையும்போல நேர்மேலே.

கதவைத் திறந்த பெனிற்றா
சுவிச்சுக்குப் போன கையை
நடுவில் இழுத்துக்கொண்டாள்.
செருப்பைக் கழற்றி
சத்தமில்லாமல் வந்து குந்தினாள்.
நெடுநேரம் கழித்துச் சொன்னாள்:
"அம்மா, நாலாவதும் சரியுது."

பார்த்தேன்.
கொளுத்தாத ஊதாத் திரி.
அடுத்த ஞாயிறுக்குள்
அதுவும் எதையோ தேடத் தொடங்கிவிட்டது.